புகை எழாத வேட்டை



காற்றுத் துப்பாக்கி என்று சொன்னதுமே உங்களில் பலருக்கு மெரினா மணலில் பலூன் கட்டி நிறுத்திய பலகைதான் நினைவுக்கு வந்திருக்கும். கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்கி, ஒரு ரவையைப் போட்டு நம் கையில் கொடுப்பார்; குறி தவறினால் சிரிப்பார். அந்தத் துப்பாக்கியின் பாட்டனும் முப்பாட்டனும் பலூன் சுட்டுப் பிழைத்தவர்கள் அல்லர். ஐரோப்பியக் காடுகளில் கலைமானை வீழ்த்தியவர்கள். ஒரு பேரரசின் படையில் சேவகம் செய்தவர்கள். இன்று பேச வந்தது அவர்களைப் பற்றித்தான்.

வேட்டைத் துப்பாக்கிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் வெடிமருந்தின் கதையைத்தான் எழுதுகிறார்கள். திரித் துப்பாக்கி, சக்கிமுக்கித் துப்பாக்கி, கேப்புத் துப்பாக்கி, பிறகு தோட்டா என்று கதை நேர்கோட்டில் ஓடும். காற்றுத் துப்பாக்கிக்கு அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கம் கிடைத்தால் அதிகம். அந்தப் பக்கத்திலும் அது ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. 18-ஆம் நூற்றாண்டின் வேட்டைக்காரன் தன் துப்பாக்கியிடம் எதிர்பார்த்ததையெல்லாம் முதலில் ஒரே கருவியில் திரட்டிக் கொடுத்தது காற்றுத் துப்பாக்கிதான். வலுக் குறைவு அதைத் தோற்கடிக்கவில்லை. அதைப் பிழையில்லாமல் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் ஐரோப்பா முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்ததுதான் அதன் குறை.

மூச்சுக்காற்றால் அம்பை ஊதி விடும் குழல் மிகப் பழையது. உலகின் பல பகுதிகளில் இருந்தது, நம் பக்கத்திலும் இருந்தது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரிகளையும் குறுக்குவில்களையும் பற்றி 1924-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம். நான் பேசப்போவது மூச்சை நம்பாத கருவியைப் பற்றி.

இப்போது கிடைப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் காற்றுத் துப்பாக்கி ஸ்டாக்ஹோமில், அரச ஆயுதக் காட்சிசாலையில் இருக்கிறது. 1580 வாக்கில் செய்தது. அதன் அடிக்கட்டைக்குள் ஒரு துருத்தி. கொல்லன் பட்டறையில் இருக்கிறதே, அதே துருத்தியின் சிறிய வடிவம். வலுவான வில் ஒன்றை முறுக்கி வைத்துவிட்டு விசையை இழுத்தால் வில் விடுபட்டுத் துருத்தியை ஒரே அமுக்காக அமுக்கும். வெளியேறும் காற்று குழலில் இருக்கும் சிற்றம்பைத் தள்ளும். இதனால் மான் சாகாது. வீட்டுக்குள் பலகையில் குறிபார்க்கத்தான் உதவும்.

அடுத்த படி பெரியது. பிரான்சின் லிசியூ நகரத்துக் கைவினைஞர் மாரேன் பூர்ஜ்வா, ஓவியர், சிற்பி, கடிகாரம் செய்பவர், துப்பாக்கி செய்பவர் எல்லாமாக இருந்தவர். நான்காம் ஹென்றி மன்னரின் ஆதரவு பெற்றவர். முன்கூட்டியே காற்றை அழுத்தி அடைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றை அவர் செய்தார். தாவீத் ரிவோ என்பவர் பீரங்கிக் கலை பற்றிய தம் நூலின் 1608-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை விவரித்திருக்கிறார். நாற்பது ஆண்டு கழித்து இங்கிலாந்தில் ஜான் வில்கின்ஸ், எந்திரங்களின் விந்தைகளைப் பற்றி எழுதிய நூலிலும் இந்த லிசியூக்காரரைக் குறிப்பிடுகிறார். சக்கிமுக்கித் துப்பாக்கியின் முழு வடிவத்தை முதலில் அமைத்தவர் என்று பலர் கருதுவதும் இதே பூர்ஜ்வாவைத்தான். பொறி தட்டி மருந்தை எரிக்கும் வழியும், மருந்தே இல்லாமல் சுடும் வழியும் ஒரே பட்டறையில் உருவாகியிருக்கின்றன. ஆயுத வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

விஞ்ஞானி பாயில் 1660-களில் காற்றின் அழுத்தத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவைச் சொல்கிறார். அவருக்கு ஒரு தலைமுறை முன்பே கைவினைஞர்கள் காற்றை இரும்புக் கலத்தில் அடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. விஞ்ஞானம் பின்னால் வந்துதான் கணக்குப் போட்டது.

காற்றை எங்கே அடைப்பது? மூன்று வழிகள் கண்டார்கள். குழலைச் சுற்றி இன்னொரு குழல் போட்டு, இரண்டுக்கும் நடுவில் அடைப்பது ஒன்று. துப்பாக்கியின் கீழோ பக்கவாட்டிலோ ஒரு செம்பு உருண்டையைத் திருகிப் பொருத்துவது இன்னொன்று. தோளில் அணையும் அடிக்கட்டையையே உள்ளீடற்ற இரும்புக் கலமாக்கிவிடுவது மூன்றாவது. வேட்டைக்காரர்களுக்கு மூன்றாவதுதான் பிடித்தது. பார்வைக்கு மற்றத் துப்பாக்கியைப் போலவே இருக்கும், கனமும் பின்பக்கம் அமையும். கலத்தின் வாயில் ஒரு வால்வு. குதிரை எனப்படும் சுத்தி விழும்போது ஒரு சிறு தண்டு வால்வை ஒரு கணம் தட்டித் திறக்கும். கொஞ்சம் காற்று பாய்ந்து குண்டைத் தள்ளும். உள்ளே இருக்கும் அழுத்தமும் ஒரு வில்லும் சேர்ந்து வால்வை உடனே மூடிவிடும். இந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்பதில்தான் வித்தை. கொஞ்சம் கூடினால் காற்று வீணாகும். குறைந்தால் குண்டு சோம்பேறியாகப் போகும்.

இதை வாங்கியவர்கள் யார்? அரசர்களும் பெருநிலக்கிழார்களும்தான். ஜெர்மானிய நாடுகளின் சிற்றரசவைகளில் காற்றுத் துப்பாக்கி ஒரு மோகமாகவே இருந்தது. டார்ம்ஸ்டாட் நகருக்கு அருகில் கிரானிக்ஸ்டைன் வேட்டை மாளிகையை வைத்திருந்த ஹெஸ்ஸே சிற்றரசர் எட்டாம் லுட்விக் வேட்டை என்றால் உயிரை விடுபவர். 1740-களில் காற்றுத் துப்பாக்கியால் கலைமான் வேட்டையாடியவர். கலைமான் என்றால் நம் புள்ளிமான் அளவு என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே காட்டில் திரியும் செம்மான் ஆண், நம் கடமானுக்கு உறவு. நன்றாக வளர்ந்தால் 200 கிலோவைத் தொடும். அதைக் காற்றால் வீழ்த்தினார்கள்.

மருந்துத் துப்பாக்கி கையில் இருக்கும்போது அவர்கள் ஏன் இதை நாடினார்கள் என்று கேட்கலாம். சக்கிமுக்கித் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவன் பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விசையை இழுத்தால் கல் எஃகில் உரச வேண்டும், பொறி விழ வேண்டும், கிண்ணத்து மருந்து பற்ற வேண்டும், தீ சிறு துளை வழியாக உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் வெடி. இத்தனைக்கும் கண் முன்னால் ஒரு மின்னல் அடிக்கும். மான் அதைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தால் குறி போயிற்று. வெடித்த பிறகு புகை மூட்டம். அடிபட்டதா இல்லையா என்றே தெரியாது. தூறல் விழுந்தால் கிண்ணத்து மருந்து சேறாகும். பத்து முறை சுட்டால் குழல் முழுதும் கரி படியும். காற்றுத் துப்பாக்கியில் இவை ஒன்றுமே இல்லை. மழை அதை ஒன்றும் செய்யாது, தீ தெரியாது, புகை எழாது, குழல் சுத்தமாக இருக்கும். முதல் குண்டு தவறினால் கூட்டம் கலைவதற்குள் இரண்டாவதைச் சுடலாம்.

சத்தமே கேட்காது என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பது மிகை. கலம் நிறைந்திருக்கும்போது நல்ல ஓசை வரும். வெடியின் முழக்கம் இல்லை, அவ்வளவுதான். காட்டில் அந்த வேறுபாடே போதும்.

இன்னொரு விசித்திரம்: பழைய காற்றுத் துப்பாக்கிகள் பலவற்றில் பக்கவாட்டில் சக்கிமுக்கிப் பூட்டு ஒன்று இருக்கும். கல் செருகும் தாடை, கிண்ணம், எஃகு எல்லாம் இருக்கும். வேலை எதுவும் செய்யாது. குதிரையை இழுத்து நிறுத்த மட்டும் அது பயன்படும். பார்ப்பவர்களுக்கு அது சாதாரணத் துப்பாக்கிபோலத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் அப்படிச் செய்யச் சொன்னார்கள்; துப்பாக்கி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தால் பலர் செய்தார்கள் என்பது என் எண்ணம். லண்டனில் தொழில் செய்த ஜெர்மானியர் கோல்பே போன்றோர் வெள்ளி வேலைப்பாட்டோடு செய்தவற்றைப் பார்த்தால், இதை வாங்கியவர் மானுக்காக மட்டும் வாங்கவில்லை, விருந்தினரிடம் காட்டுவதற்கும் வாங்கினார் என்பது தெரியும்.

இப்போது இந்தக் கதையின் நாயகனுக்கு வருகிறேன். ஆல்ப்ஸ் மலையில், இன்றைய இத்தாலியின் கோர்த்தீனா தாம்பெட்சோ ஊரில் 1744-இல் பிறந்தவர் பர்த்தொலோமேயோ ஜிராந்தோனி. கடிகாரம் செய்யத் தெரிந்தவர். இவர் வடிவமைத்த தொடர்சுடு காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் தம் படைக்கு ஏற்றுக்கொண்டார். 1780 வாக்கில் செய்யத் தொடங்கி, மொத்தம் ஏறத்தாழ 1,500 செய்யப்பட்டதாகக் கணக்கு.

நீளம் 1.2 மீட்டர்; எடை நான்கரைக் கிலோ அளவு. குழலின் உட்புறம் சுருள் பள்ளங்கள் வெட்டியது. குண்டின் விட்டம் 11.75 மில்லிமீட்டர். குழலின் வலப்பக்கம் ஒட்டியபடி ஒரு நீண்ட குழாய். அதில் இருபதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளைப் போட்டு வைக்கலாம். துப்பாக்கியின் மூக்கைச் சற்றே உயர்த்தி, குறுக்கே இருக்கும் ஒரு சிறு கட்டையைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு குண்டு அதன் துளைக்குள் உருண்டு விழும். விரலை எடுத்தால் வில் அதைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். குதிரையை இழுத்துச் சுட வேண்டியதுதான். எழுந்து நிற்க வேண்டாம், தண்டு விட்டுக் குத்த வேண்டாம். பயிற்சி பெற்ற காலாட்படை வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே பெரிது என்றிருந்த காலத்தில், புதருக்குள் படுத்த நிலையிலேயே ஒருவன் இருபது குண்டையும் ஒரு நிமிடத்துக்குள் சுட்டுவிட முடிந்தது.

முதன்முதல் தொடர்சுடு துப்பாக்கி இதுதான் என்று சிலர் ஆர்வத்தில் சொல்வார்கள். அது சரியல்ல. கால்ட்ஹோஃப் குடும்பத்தாரும் பிளாரன்ஸ் நகர லோரென்ட்சோனியும் ஒரு நூற்றாண்டு முன்பே மருந்தை வைத்தே அதைச் செய்து காட்டிவிட்டார்கள். அவற்றில் மருந்து அறைக்குத் தீ பரவி, சுடுபவனையே கொன்றுவிடும் ஆபத்து இருந்தது. ஜிராந்தோனியின் கருவியில் தீயே கிடையாது.

வலு எவ்வளவு? கலத்தில் சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டு அளவுக்கு அழுத்தம். நம் கார் டயரில் அடிப்பது 32 பவுண்டு. குண்டு நொடிக்கு 150 முதல் 200 மீட்டர் வேகத்தில் வெளியேறும். இன்றைய 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியின் வேகமும் ஏறக்குறைய இதுதான்! ஆனால் போட்டி ரவையின் எடை அரை கிராம். ஜிராந்தோனியின் குண்டு கிட்டத்தட்ட 10 கிராம். உயிரைக் கொல்வது அந்த எடைதான். அன்றைய பெரிய காலாட்படைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது பலவீனமே. ஆயினும் நூறு மீட்டரில் ஒரு மனிதனையோ மானையோ வீழ்த்தப் போதும். ஒரு குறை உண்டு: ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்தம் குறையும். முதல் பத்துக் குண்டுக்கும் கடைசிப் பத்துக்கும் பாய்ச்சலில் வேறுபாடு தெரியும். எவ்வளவு உயர்த்திக் குறி வைப்பது என்று சுடுபவன் அனுபவத்தில் கற்க வேண்டும்.

இனி மறுபக்கம். காலிக் கலத்தைக் கைப்பம்பால் நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். கடைசி நூறு அடி அடிப்பவனுக்கு வீரத்தின் பொருள் விளங்கியிருக்கும். வீரனுக்கு மாற்றுக் கலங்கள் கொடுத்தார்கள். படையோடு பெரிய பம்பு ஏற்றிய வண்டிகளும் போயின. கலம் என்பது இரும்புத் தகட்டைச் சுருட்டி, மூட்டைப் பற்றவைத்து, தறையாணி அடித்துச் செய்தது. அந்த மூட்டு முழுதும் காற்றுப் புகாமல் அமைவது அன்றைய கொல்லனுக்குத் தவம். அடைப்புத் தோலை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் காற்றுக் கசியும். போர்க்களத்தில் வால்வு பழுதானால் சாதாரணப் படைக் கொல்லனால் ஒன்றும் செய்ய முடியாது. துருக்கியரோடு நடந்த 1788-91 போரில் பயன்படுத்திப் பார்த்தார்கள். பிரெஞ்சுப் போர்களிலும் சில காலம் இருந்தது. 1815-க்குள் படையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

காற்றுத் துப்பாக்கியோடு பிடிபட்டவர்களைக் கொலைகாரர்களாகக் கருதித் தூக்கிலிடும்படி நெப்போலியன் ஆணையிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. எத்தனையோ புத்தகங்களில் வந்தும் அதற்கு உறுதியான ஆவணம் காட்டப்படவில்லை. அதை நம்ப வேண்டியதில்லை.

படை கைவிட்டதை வேட்டைக்காரர் எடுத்துக்கொண்டார். வியன்னாவில் கோன்ட்ரீனர், லண்டனில் ஸ்டாடன்மேயர் போன்றோர் ஜிராந்தோனி முறையில் அழகான வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். அவற்றின் முறை கடல் தாண்டியும் போயிற்று.

1803 ஆகஸ்ட் 30. அமெரிக்கக் குடியரசின் தலைவர் ஜெபர்சன் அனுப்ப, மேற்குக் கடற்கரைவரை வழி கண்டறியப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் பிட்ஸ்பர்க்கை விட்டுப் படகில் கிளம்புகிறார். மூன்று மைல் போனதும் ஒரு தீவில் கரையிறங்குகிறார். அங்கிருந்தவர்கள் அவர் புதிதாக வாங்கிய காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டச் சொல்கிறார்கள். 55 கஜத் தொலைவில் ஏழு முறை சுடுகிறார். ஓரளவு நன்றாகவே படுகிறது. அடுத்து, அதைக் கையாளத் தெரியாத ஒருவரிடம் துப்பாக்கி போகிறது. தற்செயலாக வெடிக்கிறது. 40 கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப்பொட்டைக் கீறிக்கொண்டு குண்டு போகிறது. அவர் இரத்தம் வழிய விழுகிறார். எல்லோரும் இறந்துவிட்டார் என்றே நினைக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் கண் விழிக்கிறார், காயம் பெரிதில்லை. ஒரு பெரும் பயணத்தின் நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது.

வழியெங்கும் தொல்குடி மக்களைச் சந்திக்கும் இடங்களில் லூயிஸ் இதைச் சுட்டுக் காட்டினார். நெருப்பும் புகையும் இல்லாமல், மருந்து திணிக்காமல் அடுத்தடுத்துச் சுடுவதைக் கண்டு ஷோஷோனி மக்கள் அதைப் பெரும் மந்திர ஆற்றல் என்றே கருதினார்கள் என்று 1805 ஆகஸ்டில் எழுதியிருக்கிறார். சில டஜன் பேர் மட்டுமே கொண்ட அந்தக் குழுவிடம் இது போல எத்தனை இருக்கிறதோ என்று எதிரில் நின்றவர்கள் யோசித்திருப்பார்கள். லூயிஸ் விரும்பியதும் அதையே.

அந்தத் துப்பாக்கி எது? பிலடெல்பியாக் கடிகாரக் கலைஞர் ஐசையா லூகன்ஸ் செய்த ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி என்று நெடுங்காலம் நம்பினார்கள். தாமஸ் ராட்னி என்பவர் 1803 செப்டம்பரில் லூயிஸைச் சந்தித்து எழுதிய குறிப்பு வெளிச்சத்துக்கு வந்தபோது அந்த நம்பிக்கை ஆடியது. ஒரு முறை காற்றடைத்தால் 22 முறை சுடும் என்று அவர் எழுதியிருந்தார். அது ஜிராந்தோனிக்குத்தான் பொருந்தும். ராபர்ட் பீமன் என்ற சேகரிப்பாளரிடம் இருந்து, பிறகு அமெரிக்க இராணுவத்துக்குக் கொடுக்கப்பட்ட ஒரு ஜிராந்தோனியில் முதன்மை வில் மாற்றப்பட்ட அடையாளம் இருக்கிறது. பயணத்தின் நடுவே, 1805 ஜூனில், தம் துப்பாக்கியின் வில்லைக் குழுவின் கொல்லர் ஷீல்ட்ஸ் புதிதாக்கினார் என்று லூயிஸும் எழுதியிருக்கிறார். அந்தத் துப்பாக்கியேதான் இது என்று சொல்ல இது மட்டும் போதாது என்பேன். ஜிராந்தோனி வகையைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

19-ஆம் நூற்றாண்டில் கேப்பும் தோட்டாவும் வந்ததும் காற்றின் மேன்மைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மழைக்கு அஞ்சாத, உடனே வெடிக்கிற, விரைவில் நிரப்பக்கூடிய மருந்துத் துப்பாக்கி மலிவாகவே கிடைத்தது. காற்றுத் துப்பாக்கி கைத்தடிக்குள் ஒளிந்துகொண்டது. ஆங்கிலேயக் கனவான்கள் ஊன்றி நடந்த தடியின் மேற்பாதி காற்றுக் கலம், கீழ்ப்பாதி குழல். லண்டன் துப்பாக்கி வணிகர் ரெய்லி காற்றுத் துப்பாக்கிகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். முயலுக்கும் காகத்துக்கும், இயற்கை ஆய்வாளர்கள் பறவை சேகரிப்பதற்கும் இது பயன்பட்டது. பிறர் தோட்டத்தில் திருட்டு வேட்டையாடியவர்களுக்கும்தான். கானன் டாயில் 1903-இல் எழுதிய ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கர்னல் மோரன் இப்படி ஒன்றை வைத்துத்தான் ஹோம்ஸைக் கொல்லப் பார்க்கிறார். அந்த மோரனைப் பெங்களூர் படைப்பிரிவில் இருந்த புலி வேட்டைக்காரராகப் படைத்திருக்கிறார் டாயில். அந்தத் துப்பாக்கிக்குக் கதையில் கொடுத்திருக்கும் ஆற்றல் மட்டும் கொஞ்சம் தாராளம்.

பால் ஜிபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1889-இல் திரவமாக்கிய கரியமில வாயுவை எஃகுக் குப்பியில் அடைத்துச் சுடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். வேட்டை உலகம் அதைப் பாராட்டிவிட்டு வாங்காமல் விட்டது.

உண்மையான மறுவாழ்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1870-களில் குவாக்கன்புஷ் என்பவர் மலிவான காற்றுத் துப்பாக்கிகளை ஆலையில் செய்து விற்றார். கொட்டை உடைக்கும் கருவியாலும் பேர் பெற்றவர் அவர். மிச்சிகனில் காற்றாலை விற்ற ஒரு நிறுவனம், 1888-இல் காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சிறு துப்பாக்கி செய்தது. இலவசம் வாங்க ஆள் வந்தார்கள், காற்றாலைக்கு வரவில்லை. 1895-இல் நிறுவனம் தன் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் பர்மிங்காம் துப்பாக்கிக்காரர் லிங்கன் ஜெப்ரிஸ் 1904-இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியைப் பி.எஸ்.ஏ. ஆலை அடுத்த ஆண்டு முதல் செய்து குவித்தது. கலம் கிடையாது, வலுவான சுருள்வில் ஒரு பிஸ்டனைத் தள்ளும், அது அப்போதைக்கப்போது காற்றை அழுத்தும். 1580-இன் துருத்தித் துப்பாக்கி செய்ததும் இதையே. தோலுக்குப் பதில் எஃகு உருளை. அன்று அரசரின் பட்டறையில் ஒன்றிரண்டு செய்ய முடிந்ததை இப்போது கடைசல் எந்திரம் ஆயிரக்கணக்கில் செய்தது. விடுதிகளில் தொழிலாளர்கள் மாலையில் கூடி, அணி பிரித்து, சிறு துளைக்குப் பின்னால் இருக்கும் மணியைச் சுட்டு அடிக்கப் போட்டியிட்டார்கள். நம் மெரினாக் கடைகளின் துப்பாக்கியும் இந்தக் கிளையில் வந்ததே.

கலத்தில் காற்றடைக்கும் பழைய முறையும் சாகவில்லை. காற்று ரைபிள் 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை அதில்தான் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் 10 மீட்டர் காற்று ரைபிளில்தான். இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் காற்று உருளையும், ஒரு தட்டலில் திறந்து மூடும் வால்வும் இருக்கின்றன. ஜிராந்தோனி வந்து பார்த்தால் கருவியின் பாதியை அடையாளம் கண்டுகொள்வார்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளிலும் தோட்ட பங்களாக்களிலும் பொருள்களை ஒதுக்கும்போது, கனமான ஒரு கைத்தடியோ, தோல் போர்த்த இரும்பு அடிக்கட்டை கொண்ட ஒரு துப்பாக்கியோ உங்களில் யாருக்காவது கிடைக்கலாம். கிடைத்தால் தயவுசெய்து காற்றடித்துப் பார்க்காதீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்தக் கலத்தின் உட்புறம் துருப்பிடித்துக் கிடக்கும்; வெளியே பளபளப்பாகத் தெரிவதால் ஏமாந்துவிடக் கூடாது. அந்த மூட்டு விட்டால் அருகில் இருப்பவர் உயிர் போகும். திருகைக் கழற்றவோ துரு எடுக்கவோ முயலாமல், அப்படியே துணியில் சுற்றி, அருங்காட்சியகத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.